காப்பியின் நற்பெயர் வரக்காப்பிக்கே உரியது

உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமாகப் பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கிவரும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1991ஆம் ஆண்டில் காப்பியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் காப்பிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அன்றைக்குக் கிடைத்திருந்த ஆய்வுகள் சொன்னதே அதற்குக் காரணம். காப்பி குடிப்பவர்களில் பலர் புகைபிடிப்பவர்களாகவும் இருந்ததால் புகையிலையின் குற்றம் காப்பியின் மேல் விழுந்திருக்கக்கூடும் என்பது பின்னர் வந்த பெரிய ஆய்வுகளால் புலப்பட்டது. 2016இல் அதே முகமை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்துக் காப்பியை அந்தப் பட்டியலிலிருந்து விடுவித்ததோடு நில்லாமல், கல்லீரல் புற்றுநோயும் கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோயும் காப்பி குடிப்பவர்களிடம் குறைவாகக் காணப்படுவதையும் பதிவு செய்தது.

அந்த ஆண்டுக்குப் பின் காப்பியைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் நல்ல செய்திகளே. அவை தமிழ்நாட்டின் நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் வலம்வரும்போது, காலையிலும் மாலையிலும் டம்ளர் நிறையப் பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையுமாகக் குடிக்கப்படும் காப்பிக்கான நற்சான்றாகவே அவற்றைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நடந்த வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காப்பி என்பது வறுத்த கொட்டைத் தூளில் வெந்நீர் ஊற்றி இறக்கிய நீர். அதில் பால் சேர்ப்பவர்கள்கூடச் சிறிதளவே சேர்ப்பது வழக்கம். இங்குள்ள டம்ளரில் அந்த நீர் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் இருக்கும். ஆகவே அந்த நற்பெயரில் பெரும்பங்கு, தென்மாவட்டங்களில் வரக்காப்பி என்றும் கடுங்காப்பி என்றும் வழங்கும் பால் சேராத காப்பிக்கு, அதிலும் இனிப்பு சேராத காப்பிக்கு உரியது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கிறது.

வரக்காப்பியில் இருப்பவை எவை என்பதை முதலில் பார்க்கலாம். ஒரு கோப்பையில் ஏறக்குறைய இரண்டு கலோரி ஆற்றல் மட்டுமே உண்டு. கொழுப்பும் சர்க்கரையும் இல்லை என்றே சொல்லலாம். அதன் இயங்கு பொருள்களில் பெயர்பெற்றது கஃபீன். ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரீட்லிப் ஃபெர்டினாண்ட் ருங்கே, கவிஞர் கதே கொடுத்த காப்பிக் கொட்டைகளை ஆராய்ந்து 1819இல் பிரித்தெடுத்த பொருள் அது. மனிதர் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது; நரம்பணுக்களின் மேல் தனக்கென்றுள்ள ஏற்பிகளில் அது பொருந்தும்போது அசதியும் தூக்கமும் வருகின்றன. அடினோசினை ஒத்த வடிவமுள்ள கஃபீன் அந்த இடங்களைத் தான் பிடித்துக்கொள்வதால் அசதி உணரப்படாமல் போகிறது. அசதி நீங்குவதில்லை, தள்ளிப்போகிறது. காப்பி உடலுக்குப் புதிதாக ஆற்றல் எதையும் தருவதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

கஃபீனைவிடக் குறைவாகப் பேசப்படுவதும், உடல்நலக் கணக்கில் அதற்குக் குறையாத இடத்தைப் பெறக்கூடியதுமான மற்றொன்று குளோரோஜெனிக் அமிலம். தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் பாலிஃபீனால் வகைப் பொருள்களில் ஒன்றான இது காப்பிக் கொட்டையில் மிகுதியாக உள்ளது, வறுக்கும்போது குறைகிறது, கருக வறுத்தால் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. உடலில் சர்க்கரை கையாளப்படும் முறையிலும் அழற்சியைக் குறைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது. கஃபீன் நீக்கப்பட்ட காப்பியைக் குடிப்பவர்களிடமும் பல நன்மைகள் காணப்படுவது இந்தக் கருத்துக்கு வலுவூட்டுகிறது.

உறுப்புகளில் காப்பியால் மிகுந்த பயன் பெறுவதாகத் தெரிவது கல்லீரல். கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் பதிவு செய்திருந்த ஒன்றேகால் லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்குக் குடிக்கும் ஒவ்வொரு கோப்பைக் காப்பிக்கும், மதுவால் வரும் கல்லீரல் சுருக்க நோயின் வாய்ப்பு 22 விழுக்காடு குறைவாக இருந்தது. சிரோசிஸ் எனப்படும் இந்த நோயில், திரும்பத் திரும்பச் சேதமடையும் கல்லீரலில் உயிர்ப்புள்ள திசுவின் இடத்தைத் தழும்புநார் பிடித்துக்கொள்கிறது. கல்லீரலின் நிலையைக் காட்டும் நொதிகளின் அளவு காப்பி குடிப்பவர்களின் இரத்தத்தில் குறைவாக இருப்பதும், கல்லீரல் புற்றுநோய் அவர்களிடம் அரிதாக இருப்பதும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மக்களிடையே மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டுள்ளன. மதுவைத் தொடாதவர்களுக்கும் வயிற்றுப் பருமனாலும் சர்க்கரை நோயாலும் கல்லீரலில் கொழுப்பு படியும் நிலை பெருகிவரும் ஒரு சமூகத்தில் இது பொருட்படுத்தத்தக்க செய்தி. எனினும் குடிப்பழக்கம் உள்ள ஒருவர் காப்பியை நம்பி மதுவைத் தொடர்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். மதுவை நிறுத்துவதற்கு ஈடான கல்லீரல் பாதுகாப்பு எந்தப் பானத்திலும் இல்லை.

அடுத்தது சர்க்கரை நோய். நெதர்லாந்தில் பதினேழாயிரம் பேரை ஆராய்ந்து 2002இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரைதான் இத்துறையில் பலரின் கவனத்தைத் திருப்பியது. நாளுக்கு ஏழு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, இரண்டு கோப்பையோ அதற்குக் குறைவாகவோ குடித்தவர்களுக்கு இருந்ததில் பாதியே என்று அது காட்டியது. பின்னர் 28 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற பதினொரு லட்சம் பேரையும் ஒன்றுசேர்த்து 2014இல் வெளியான தொகுப்பாய்வு, நாளுக்கு ஒரு கோப்பை கூடுதலாகக் குடிப்பதற்கு நோயின் வாய்ப்பு 9 விழுக்காடும், கஃபீன் நீக்கிய காப்பியில் 6 விழுக்காடும் குறைவதைக் கணித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல். நோயின் வாசலில் நிற்பவர்கள் மேலும் பதின்மூன்று கோடிக்கும் மேல். அந்த நிலையிலுள்ள ஒரு நாட்டில், இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கக்கூடிய ஒரு பானம் அந்த நோய்க்கே வழிகோலும் இனிப்போடு கலந்து ஒவ்வொரு நாளும் பல முறை பரிமாறப்படுவது வேதனைக்குரிய முரண்.

நடுக்குவாத நோய் எனப்படும் பார்க்கின்சன் நோயிலும் காப்பிக்குச் சாதகமான சான்று உண்டு. ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் வாழ்ந்த எண்ணாயிரம் ஜப்பானிய வம்சாவளி ஆண்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2000இல் வெளியானபோது, காப்பியே குடிக்காதவர்களிடம் இந்நோய், மிகுதியாகக் குடித்தவர்களிடம் இருந்ததைப்போல் ஐந்து மடங்காக இருந்தது.

ஒட்டுமொத்த ஆயுளைப் பற்றிய ஆய்வுகளில் பெரியவற்றுள் ஒன்று, அமெரிக்காவில் 50 முதல் 71 வயது வரையிலான நான்கு லட்சம் பேரிடம் நடந்து 2012இல் வெளியானது. நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ காப்பி குடித்தவர்களிடம் இறப்பு விகிதம் பத்து முதல் பதினாறு விழுக்காடு வரை குறைவாக இருந்ததை அது பதிவு செய்தது. 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழ், அதுவரை வெளியான 201 தொகுப்பாய்வுகளை ஒருங்கே மதிப்பிட்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. நாளுக்கு மூன்று முதல் நான்கு கோப்பை வரை குடிப்பவர்களிடமே நன்மை உச்சத்தில் இருப்பதாகவும், காப்பியே குடிக்காதவர்களோடு ஒப்பிட இறப்பின் வாய்ப்பு அவர்களிடம் 17 விழுக்காடு குறைவாக இருப்பதாகவும், அதற்கு மேல் குடிப்பதால் கூடுதல் பயன் தெரியவில்லை என்றும் அக்கட்டுரை கூறியது.

இந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொள்வதற்குமுன் அவற்றின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இவை யாவும் நோக்காய்வுகள். அதாவது மக்கள் தாமாகவே எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, அவர்களுக்குப் பின்னாளில் என்ன நேர்கிறது என்று பார்க்கும் ஆய்வுகள். உடல்நலம் குன்றியவர்கள் மருத்துவர் சொல்லியோ தாமாகவோ காப்பியை நிறுத்திவிடுவதுண்டு. அப்போது காப்பி குடிக்காதவர்களின் கூட்டத்தில் நோயாளிகள் மிகுந்து, குடிப்பவர்கள் உள்ளதைவிட நலமானவர்களாகத் தோன்றுவார்கள். பிறப்பிலேயே மிகுதியாகக் காப்பி குடிக்கும் நாட்டம் தரும் மரபணுக்களை உடையவர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் எதிரான பாதுகாப்பு தெளிவாகப் புலப்படவில்லை. குலுக்கல் முறையில் காப்பி குடிக்கும் நாள், குடிக்காத நாள் என்று பிரித்து நூறு பேரிடம் நடத்தி 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு, காப்பி குடித்த நாள்களில் அவர்கள் ஏறக்குறைய ஆயிரம் காலடி கூடுதலாக நடந்ததையும், 36 நிமிடம் குறைவாகத் தூங்கியதையும் ஒருங்கே காட்டியது. நன்மையும் விலையும் ஒரே கோப்பையில் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. காப்பி மருந்தன்று, பழக்கமில்லாதவர் உடல்நலத்துக்காக அதைத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்குச் சான்றுகள் வளரவில்லை. ஏற்கெனவே குடிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை என்பதும், அவர் குடிக்கும் விதம் முக்கியம் என்பதுமே நியாயமான முடிவுகள்.

குடிக்கும் விதத்தைப் பற்றி நேரடியாகப் பேசும் ஆய்வு ஒன்று 2025இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 46,000 பேரின் உணவுப் பழக்கங்களையும் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்ட அந்த ஆய்வில், வரக்காப்பியோ, மிகக் குறைந்த சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் சேர்ந்த காப்பியோ குடித்தவர்களிடம் இறப்பின் வாய்ப்பு 14 விழுக்காடு குறைவாக இருந்தது. சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த காப்பியைக் குடித்தவர்களிடம் அந்த நன்மை தென்படவில்லை. குறைந்த சர்க்கரை என்று அங்கே கொள்ளப்பட்டது 240 மில்லிலிட்டர் கோப்பைக்கு இரண்டரை கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி. குறைந்த நிறைவுற்ற கொழுப்பு என்பது ஒரு கிராம். மூன்று விழுக்காடு கொழுப்புள்ள சமன்படுத்திய பால் 100 மில்லிலிட்டரில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய இரண்டு கிராமும், ஆறு விழுக்காடு கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாலில் நான்கு கிராமும் இருக்கும். தமிழ்நாட்டின் வழக்கமான டம்ளர் காப்பி இரண்டு வரம்புகளையும் முதல் மிடறிலேயே தாண்டிவிடுகிறது. பிரிட்டனில் 2022இல் வெளியான வேறொரு பெரிய ஆய்வில் கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி அளவு சர்க்கரை சேர்த்தவர்களிடமும் நன்மை காணப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதுவும் ஒரு தேக்கரண்டிதான்.

டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் பத்து கிராம். நாளுக்கு மூன்று டம்ளர் குடிப்பவருக்குக் காப்பியிலிருந்து மட்டுமே முப்பது கிராம் சர்க்கரை சேர்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் ஐந்து விழுக்காட்டுக்குள், அதாவது ஏறக்குறைய 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இனிப்பையும் பலகாரத்தையும் தொடாத ஒருவரும் காப்பியாலேயே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறார். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டியோ நாட்டுச்சர்க்கரையோ போட்டுக்கொண்டால் குற்றமில்லை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கருப்பட்டியில் சிறிதளவு தாது உப்புகள் உண்டு, அதன் மணமும் தனி. ஆயினும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற அதே சர்க்கரைதான், இரத்தத்தில் அது ஏறும் விதமும் ஏறத்தாழ அதேதான். பால் காப்பியின் பாலிஃபீனால்களை உடலுக்குக் கிட்டாமல் தடுக்கிறது என்ற வாதத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பாலைக் குறைப்பதற்கு அந்த வாதம் தேவைப்படவும் இல்லை.

தமிழ்நாட்டுக் காப்பியின் மற்றொரு சிக்கல் சிக்கரி. ஐரோப்பாவில் காப்பித் தட்டுப்பாட்டுக் காலங்களில் பரவிய இந்தக் கிழங்குத் தூள், டிகாஷனுக்குக் கருமையும் கெட்டித்தன்மையும் தருவதால் இங்கே நிலைத்துவிட்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காடு இருந்தால் போதும். எஞ்சிய 49 விழுக்காடும் சிக்கரியாக இருக்கலாம். சிக்கரியில் கஃபீன் இல்லை, அது நஞ்சுமன்று. ஆனால் காப்பிக்கென்று சொல்லப்படும் நன்மைகளில் ஒரு பகுதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்பதைக் கலவைத் தூள் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். விகிதம் பொட்டலத்தின் மேல் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தூள் அரைக்கும் கடைகளில் கேட்டால் சிக்கரி கலக்காமலே தருவார்கள்.

சிக்கரியும் கருக வறுத்த கொட்டையும் சேர்ந்து உண்டாக்கும் கசப்பே, சர்க்கரை இல்லாமல் காப்பி குடிக்க முடியாது என்ற எண்ணத்துக்குப் பெரும் காரணம். சேர்வராயன் மலையிலும் பழனி மலைத் தொடரிலும் நீலகிரியிலும் மர நிழலில் விளையும் காப்பியில் பெரும்பகுதி அராபிகா இனம். கஃபீனும் கசப்பும் ரொபஸ்டா இனத்தைவிட இதில் குறைவு. நடுத்தரமாக வறுத்து, அன்றன்று அரைத்து, நீரின் அளவைச் சற்றுக் கூட்டி இறக்கினால் மெல்லிய புளிப்பும் பழ மணமும் கொண்ட ஒரு பானம் கிடைக்கிறது. அதற்குப் பாலும் வேண்டியதில்லை, சர்க்கரையும் வேண்டியதில்லை. தன் மலைகளில் விளையும் நல்ல கொட்டையின் சுவையைத் தமிழ்நாடு இன்னும் முழுமையாக அறிந்துகொள்ளவில்லை. இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது என்பது அந்த இழப்பின் இன்னொரு முகம்.

இறக்கும் முறையும் கவனத்துக்குரியது. காப்பிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், கவியோல் என்ற இரு பொருள்கள் உள்ளன. தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டாமல் குடிக்கும்போது இவை உடலில் சேர்ந்து கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை உயர்த்துகின்றன. கொதிக்கவைத்த காப்பியையே பெரிதும் குடித்துவந்த நார்வேயில் 1980களில் இது வெளிப்பட்டது. காகித வடிகட்டி இந்த எண்ணெயை ஏறக்குறைய முழுவதும் பிடித்துவிடும்; பித்தளை, எவர்சில்வர் பில்டர்களின் துளைகளால் அவ்வளவு இயலாது. கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் டிகாஷனை ஒருமுறை காகிதத்தில் வடித்துக்கொள்வது எளிய தீர்வு. கூடவே, 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடிப்பதும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 2016இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையே எச்சரித்திருப்பதால், டபராவில் ஆற்றிக் குடிக்கும் வழக்கத்தை வரக்காப்பிக்கும் கைக்கொள்வது நல்லது.

நன்மைகளைச் சொல்லும் கட்டுரைகள் பலவும் விட்டுவிடுகிற, ஆனால் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு மிக முக்கியமான செய்தி இரும்புச்சத்தைப் பற்றியது. காப்பியின் பாலிஃபீனால்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு குடல் அதை உறிஞ்சவிடாமல் செய்கின்றன. 1983இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், உணவோடு ஒரு கோப்பைக் காப்பி குடித்தபோது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது 39 விழுக்காடு குறைந்தது. உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் அதே அளவுக்குக் குறைந்தது. உண்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது மட்டும் பாதிப்பில்லை. நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சிற்றுண்டி முடிந்த கையோடு காப்பி என்ற வழக்கம் இந்தப் பெண்களுக்குப் பொருந்தாது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காப்பியையும் தேநீரையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. அதே வழிகாட்டி நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீனை எல்லையாக வகுத்து, 150 மில்லிலிட்டர் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும் என்றும் கணக்கிடுகிறது. அதன்படி வரக்காப்பி குடிப்பவருக்கு நாளுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று சிறிய கோப்பைகளே பொருத்தம்.

கர்ப்பிணிகளின் உடலிலிருந்து கஃபீன் வெளியேற நெடுநேரம் பிடிக்கிறது. அது கருவையும் சென்றடைவதாலும், குழந்தையின் எடை குறைவதோடு தொடர்புடையதாகக் காணப்படுவதாலும் 200 மில்லிகிராமை அவர்கள் தாண்டக்கூடாது. முடிந்தால் தவிர்ப்பதே மேல். இரத்த அழுத்தம் 160/100 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டியவர்களில் நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ காப்பி குடித்தவர்களிடம் இதய நோயாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்த இறப்பு, குடிக்காதவர்களிடம் இருந்ததைப்போல் இரு மடங்காக இருந்ததை ஜப்பானிய ஆய்வொன்று 2022இல் காட்டியது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் படபடப்பு நோயுள்ளவர்களும் குறைத்துக்கொள்வது நலம். தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் மருந்து சரிவர உடலில் சேராது. இடையே ஒரு மணி நேரம் விட வேண்டும். கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆவதால் மாலை நான்கு மணிக்குப் பிறகு குடிக்கும் காப்பி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. படுத்தவுடன் தூங்கிவிடுகிறவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. வளரும் பிள்ளைகளுக்குக் காப்பி தேவையே இல்லை.

இவ்வளவையும் கருத்தில் கொண்டு பார்க்கும்போது, நலமாக உள்ள வளர்ந்தவர் ஒருவர் காலை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்றும், முற்பகலிலோ பிற்பகல் தொடக்கத்திலோ மற்றொன்றுமாக இனிப்பில்லாத வரக்காப்பி குடிப்பது தீங்கற்றது மட்டுமல்ல, பயன் தரவும் கூடியது. நாக்கு ஒரே நாளில் மாறிவிடாது. வாரத்துக்கு அரைக் கரண்டி என்று சர்க்கரையைக் குறைத்து, பிறகு பாலைக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு மாதங்களில் பழகிவிடும். தனிமனிதரின் முயற்சியோடு கடைகளின் ஒத்துழைப்பும் வேண்டும். கேட்காமலே சர்க்கரை கலந்து கொடுக்கும் வழக்கத்தை விட்டு, சர்க்கரையைத் தனியே வைப்பதற்கு உணவகங்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை. அலுவலக உணவகங்களும் மருத்துவமனை உணவகங்களும் இதில் முன்னால் நிற்க வேண்டும். சர்க்கரை நோய்ப் பிரிவின் வாசலிலேயே இனிப்புக் காப்பி விற்கப்படும் நிலை மாற வேண்டும். காப்பித் தூள் நிறுவனங்கள் சிக்கரியின் விகிதத்தைப் பொட்டலத்தின் முகப்பில், முதியவர்களும் கண்ணாடியின்றிப் படிக்கும் அளவில் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை விதி வகுக்க வேண்டும்.